பொத்தானை அழுத்தாமலே எரிந்த எல்இடி

தாவரவியல் மாணவர்களான எங்களுக்கும் ஒரு பருவம் அடிப்படை மின்னணுவியல் உண்டு. ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில் பொத்தானை அழுத்தினால் எல்இடி எரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அது மினுக்கியது. பொத்தானையும் ஒயரையும் மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

அப்புறம் சுற்றை விரலால் தொடர்ந்து பார்த்தேன். பொத்தானின் ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் பலகையின் 2ஆம் பின் (pin), அதாவது பொத்தானின் நிலையைப் படிக்கும் உள்ளீட்டு முனை. சரி, அழுத்தாதபோது அந்தப் பின் எதோடு இணைந்திருக்கிறது? எதோடும் இல்லை! உள்ளீட்டுப் பின் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. அதனால் அறையின் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பிகளிலிருந்து நம் உடல் வழியாக வரும் சிறு இரைச்சலே அதை 0, 1 என்று ஆட்டிவிடுகிறது.

2ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (0 வோல்ட் முனை) நடுவே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் செருகினேன். அழுத்தாதபோது அது பின்னை 0 வோல்ட்டில் பிடித்து வைத்தது, மினுக்கல் நின்றது. அழுத்தும்போது அதில் ஓடுவது வெறும் 0.5 மில்லிஆம்பியர். மின்தடைக்குப் பதில் வெறும் ஒயரைப் போட்டால் ஷார்ட் ஆகிவிடும், கவனம்.

ஊனோவின் சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான புல்அப் மின்தடை (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைப்பது) இருக்கிறது. நிரலில் ஒரு சொல்லை மாற்றி அதை இயக்கலாம். அப்போது பொத்தானைக் கிரவுண்டோடு இணைக்க வேண்டும், அழுத்தினால் 0 வரும். முதல்முறை கற்பவர்களுக்குக் கண்ணில் தெரியும் வெளி மின்தடையையே சொல்வேன்.