கீழ்த்தள பாத்ரூமில் சாக்கடை ஏறுகிறதா? வால்வு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பெங்களூர் அல்சூர் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் கீழ்த்தளம் தெருவைவிடத் தாழ்வு. எங்களுடையதும் அப்படித்தான். பெருமழையில் பாதாளச் சாக்கடை நிரம்பினால் பாத்ரூம் ஜல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வரவிடாத ஒரு வால்வைப் போட்டு இதை நிறுத்திய விதம் இதோ.

முதலில், கோளாறு யார் பக்கம்? காம்பவுண்டுக்குள் இருக்கும் கடைசி சேம்பரை, அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டியைத், திறந்து பாருங்கள். நிரம்பி நின்றால் கோளாறு தெரு லைனில். 1916-க்குப் போன் செய்து குடிநீர் வாரியத்திடம் சொல்லுங்கள். காலியாக இருந்தால் அடைப்பு உங்கள் குழாயில். அதற்கு வால்வு உதவாது. எதுவானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் சாய்த்துவிடும், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

அப்புறம், மொட்டைமாடியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். அது சேம்பரில் வந்து விழுந்தால், மழைநீர்க் குழாயைத் துண்டித்து மழைநீர் வடிகாலுக்குத் திருப்புங்கள். மழையில் தெரு மேன்ஹோல் பொங்க இது ஒரு முக்கியக் காரணம்.

மட்டம் பார்க்க போன் ஆப் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய டியூப்) போதும். தெரு மேன்ஹோல் மூடியைவிட உங்கள் ஜல்லடை தாழ்வாக இருந்தால் வால்வு தேவை.

110 மி.மீ. ஃபிளாப் வகை நான்-ரிட்டர்ன் வால்வு வாங்குங்கள், மேலே திறக்கும் மூடி உள்ளதாக. மூடி இல்லாதது விலை குறைவுதான். சுத்தம் செய்யக் குழாயையே அறுக்க வேண்டிவரும். வால்வின் மேல் உள்ள அம்புக்குறி தெருவைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் ப்ளம்பரோடு மல்லுக்கட்டு. "மொத்த லைனுக்கும் ஒண்ணு போட்டுடலாம் சார், வேலை சுருக்கம்" என்றார். போட்டால் என்ன ஆகும்? தெரு நிரம்பியதும் வால்வு மூடிக்கொள்ளும். மூன்றாம் மாடியில் ஒருவர் ஃபிளஷ் பண்ணுவார். அந்தத் தண்ணீருக்கு வெளியே வழியில்லை; உங்கள் கீழ்த்தளத்தில்தான் ஏறும். தெரு சாக்கடைக்குப் பதில் மாடிவீட்டுச் சாக்கடை, அவ்வளவே! ஆகவே மாடிக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னால், கீழ்த்தளக் கிளையில் மட்டும் பொருத்துங்கள். தனிக் கிளை இல்லையென்றால் தரையை உடைத்தாவது இழுக்கத்தான் வேண்டும். தெரு நிரம்பியிருக்கும்போது கீழ்த்தள பாத்ரூமில் தண்ணீர் புழங்கக் கூடாது.

பிற்சேர்க்கை: வால்வு போட்ட பிறகும் கசிகிறது என்று சிலர் கேட்டார்கள். மூடியைத் திறந்து ஃபிளாப்பின் (உள்ளே ஆடும் தடுப்புத் தட்டின்) அடியில் விரலை விட்டுப் பாருங்கள், கையுறையோடு. முடிக்கற்றையோ ஷாம்பு பாக்கெட்டோ சிக்கியிருக்கும். மே மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் குடிநீர் சம்ப் இருந்து சாக்கடை அதில் கலந்திருந்தால், முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாமல் மோட்டார் போடாதீர்கள்.