காக்கட்டூவை முதல் நாளிலிருந்தே தனியாக இருக்கப் பழக்குங்கள்

காக்கட்டூ என்பது கொண்டை வைத்த ஒரு கிளி வகை. அதில் அம்ப்ரெல்லா, மொலுக்கன் மாதிரிப் பெரிய இனம் வீட்டுக்கு வந்ததும் பலரும் செய்கிற தப்பு, நாள் முழுக்கத் தோளிலும் மடியிலும் வைத்துக் கொஞ்சுவதுதான். லீவு முடிந்து நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் அது கத்தத் தொடங்கும், நாலு வீடு தள்ளியும் கேட்கும், கத்தியும் ஆள் வரவில்லையென்றால் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டால் மாற்றுவது ரொம்பக் கஷ்டம். தினமும் கொஞ்ச நேரம் தனியாக விளையாட விடுங்கள்.

விளையாட்டு என்றால் கடித்துக் குதறுவது. கொட்டாங்குச்சி, பெயின்ட் அடிக்காத மரத்துண்டு, ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்ட அட்டைப்பெட்டி எல்லாம் கொடுக்கலாம். தீனியில் பாதியைக் காகிதத்தில் சுருட்டிக் கூண்டில் ஒளித்து வைத்தால் தேடித் தின்றுகொண்டிருக்கும். சூரியகாந்தி விதை கொழுப்பு, சொன்னதைச் செய்தால் ஒன்றிரண்டு போதும். அன்றாடச் சாப்பாடு பெல்லட்டும் (கடையில் விற்கும் பறவைத் தீனி உருண்டை) காய்கறியும்தான்.

கத்தும்போது ஓடிப்போய்ச் சமாதானம் செய்யாதீர்கள், திட்டவும் வேண்டாம், அதற்கு இரண்டுமே நீங்கள் வந்துவிட்ட சந்தோஷம்தான். அடங்கிய நொடியில் போய்ப் பேசுங்கள். காலையிலும் அந்தியிலும் கொஞ்சம் கத்தத்தான் செய்யும், அதை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

தலை, கழுத்து மட்டும் சொறிந்து கொடுங்கள். முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவினால் உங்களைத் தன் ஜோடியாக நினைத்துக்கொள்ளும், அப்புறம் வீட்டில் மற்றவர்கள் பக்கத்தில் வந்தாலே கடிக்கும்.

சமையலறைப் பக்கம் கூண்டே வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்தால் அந்தப் புகையே சில நிமிடங்களில் கொன்றுவிடும். அவகாடோ, சாக்லேட் விஷம். சாம்பிராணி, கொசுவர்த்தி தள்ளியே இருக்கட்டும். கூண்டைத் திறந்து விடுமுன் ஃபேனை நிறுத்துங்கள். இறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் தயவுசெய்து வாங்கவே வாங்காதீர்கள்.

மொலுக்கன் 1989 முதல், அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. எந்த காக்கட்டூவானாலும் சட்டப்படி வந்த பறவைதான் என்பதற்கான ஆவணத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் என்றால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

சிகாகோ பக்கத்து புரூக்ஃபீல்டு உயிரியல் பூங்காவில் குக்கி என்ற காக்கட்டூ 83 வயது வரை இருந்து 2016-ல் இறந்தது. உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? அவரையே இப்போதிருந்து தினம் ஒருவேளை தீனி வைக்கச் சொல்லுங்கள்.