மதுரைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குவதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த நாளைக் காலை பத்து மணிக்குத் தொடங்குவதை மன்னிக்க முடியாது. குளித்துச் சாப்பிட்டு மீனாட்சி அம்மன் கோயில் வாசலுக்கு வரும்போது பதினொன்றாகியிருக்கும். செருப்பையும் செல்போனையும் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே போனால், 12.30க்கு நடை சாத்தப்போகிறார்கள் என்று பின்னாலிருந்து நெருக்குவார்கள். மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. நடுவில் இருக்கும் நேரம் முழுக்க வெயில், களைப்பு, இந்தத் திட்டத்தை யார் போட்டது என்ற குடும்பச் சண்டை.

விடியற்காலையில் போங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் நிம்மதியாக உட்கார முடிவது அப்போதுதான். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. கோபுரப் படங்களைச் சித்திரை வீதியிலேயே எடுத்து முடித்துக்கொள்ள வேண்டும். கிழக்கே அட்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து முதலில் அம்மனைக் கும்பிடுவது ஊர் வழக்கம். இரவிலும் ஒரு முறை போக முடிந்தால் விடாதீர்கள். நடை சாத்துவதற்கு முன் சொக்கரின் திருவடியைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்வார்கள். பகலில் வந்து போகிறவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை.

அடுத்த தவறு, ரயிலடியில் இறங்கியதும் ஆட்டோ பிடிப்பது. டவுன்ஹால் ரோடு வழியாக நடந்தால் இருபது நிமிடத்தில் கோயில் வந்துவிடும். சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை என்பதால், ஆட்டோ ஒருவழிப் பாதைகளில் சுற்றிவிட்டு எப்படியும் ஏதோ ஒரு முக்கில்தான் உங்களை இறக்கிவிடும். பேரம் பேசிய நேரத்தில் பாதி தூரம் நடந்திருக்கலாம்.

உண்மையில் இது நடப்பதற்கென்றே அமைந்த ஊர். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள். ஒவ்வொரு வீதிக்கும் நான்கு பக்கம். கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. ‘தெற்கு ஆவணி மூல வீதி’ என்று பலகையில் பார்த்தால், கோயிலுக்குத் தெற்கே, உள்ளிருந்து மூன்றாவது சுற்றில் நிற்கிறீர்கள் என்று பொருள். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் கோயிலுக்குள் நேராகப் போய், வந்த வழியே நேராகத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஒரு சுற்றையாவது முழுதாக வலம் வராதவர் மதுரையைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்தச் சுற்று என்று கேட்டால் மாசி வீதி என்பேன். சித்திரைத் தேர் ஓடுவது அதில்தான். மேல மாசி வீதியில் ஒரு மாடியில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி வழக்கமான உடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். கதர்க்கடைப் பலகையைத் தேடிக்கொண்டு போனால் இடம் தெரியும். அதற்கும் வெளியே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள் அவை. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குதான் விளக்குத்தூண். அங்கே ஜவுளி வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்களோ!

நாயக்கர் மகால் அரண்மனையில் நடக்கும் தவறு வேறு வகை. தூண்களின் பருமனைப் பார்த்து வியந்து, படம் எடுத்து, ‘அவ்வளவுதானா?’ என்று வெளியே வருவார்கள். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இப்போது நிற்கிறது. மிச்சம் எங்கே வரை இருந்தது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்திலிருக்கும் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். துணிக்கடைகளுக்கு நடுவே, கூரை இல்லாமல், அதே பெரிய தூண்கள் வரிசையாக நிற்கும்.

வாங்குவதில் ஏமாறுவது பெரும்பாலும் சுங்குடிச் சேலையில். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு என்பதால் எல்லாக் கடையிலும் அந்தப் பெயர் இருக்கும். அச்சடித்த புள்ளியையும் சுங்குடி என்றே விற்பார்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணியை விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும். புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சில சற்றே சாய்ந்தும், சில நடுவில் சாயம் ஏறியும் இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வட்டமாக இருந்தால் அது அச்சு. விலை குறைவு என்று தெரிந்தே வாங்கினால் சரி, முடிச்சுச் சேலையின் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

மல்லிகையை மலர்ந்த பூவாகப் பார்த்து வாங்கினால் அறைக்குப் போவதற்குள் வாடிவிடும். மொட்டாக வாங்குங்கள், மாலையில் தானே விரியும். மார்கழியில் பனியால் வரத்துக் குறைந்து கிலோ விலை ஆயிரங்களைத் தொடும். அப்போது பூக்கார அம்மாவிடம் முழத்துக்கு மேல் கொசுறு கேட்பது நியாயமில்லை.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்; எனக்குச் சொல்ல ஒன்றிரண்டுதான் இருக்கிறது. கறிதோசைக்கு அடியில் தடிமனான தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்திய ஆட்டுக்கறி. ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் பாதியில் திணறுவதைவிட, ஒன்றை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். ஜிகர்தண்டாவை உண்ட மயக்கத்தில் குடிக்கக் கூடாது. சுண்டக் காய்ச்சிய பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. நான்கு மணி வாக்கில், வயிறு முழுக்கக் காலியாவதற்குக் கொஞ்சம் முன்னதாக, சின்ன டம்ளர் போதும்.

ஊருக்கு வெளியே போகிறவர்கள் அழகர்கோவிலோடும் திருப்பரங்குன்றத்தோடும் நின்றுவிடுகிறார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையை விட்டுவிடாதீர்கள். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன; தொடாதீர்கள். உச்சிவெயிலில் ஏறினால் பாறை காலைப் பொசுக்கிவிடும், காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். கீழடி அருங்காட்சியகத்தை அதன் பிறகு வைத்துக்கொண்டால் வெயில் நேரம் கூரைக்கு அடியில் கழியும்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு: கோவை, தேனிப் பக்கத்து வண்டிகள் ஆரப்பாளையத்துக்கும், சென்னை, திருச்சி, திருநெல்வேலி வண்டிகள் மாட்டுத்தாவணிக்கும் வரும். பெரியார் நிலையம் நகரப் பேருந்துகளுக்கு. திரும்பும் டிக்கெட்டில் எந்த நிலையம் என்று போட்டிருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வருவதானால் டிக்கெட்டுக்கு முன்னால் அறையைப் பிடியுங்கள், வைகைக்கு நடந்து போகிற தூரத்தில்.