ஸ்விங் ஆம் போல்ட் இறுகிவிட்டதா? சுத்தியலைத் தூக்கும் முன்

எம்.டி 90, சி.டி 125, சி.டி 200 என்று பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள் வன்னியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வெள்ளத்துக்குள்ளால் போய், கோடையில் கிரவல் புழுதி தின்று, முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் என்றால் உப்புக் காற்றிலும் நின்று பழகிய வண்டிகள். 2009 இல் முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவிட்டு வர நேர்ந்து, வெட்டவெளியில் மழையில் கிடந்தவையும் உண்டு. இப்படியான வண்டியில் பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆமைச் சேசிஸோடு பிடிக்கும் நீண்ட போல்ட் கழராமல் போவது புதினம் இல்லை. ஆனால் கறள் செய்த சேதத்தைவிட, கழற்றப் போனவர்கள் செய்யும் சேதம்தான் பெரும்பாலும் கூட.

முதல் தவறு, எங்கே இறுகியிருக்கிறது என்று பாராமல் வேலையைத் தொடங்குவது. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் ஸ்விங் ஆமுக்குள், போல்ட் போகும் இடத்தில், றப்பர் புஷ் (குழாய் வடிவ உறை) இருக்கும். அந்த றப்பருக்கு நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள்ளால்தான் போல்ட் போகிறது. தண்ணீர் இறங்கி நிற்பது போல்டுக்கும் இந்தக் குழாய்க்கும் இடையில். இரண்டும் கறள் பிடித்து ஒன்றாகிவிடும். நட் லேசாகக் கழன்றுவிடும், ஸ்பனர் போட்டால் போல்ட் தலையும் திரும்பும். "ஆ, இளகிவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். ஸ்பனரை விட்டுப் பாருங்கள். போல்ட் தானாகவே கொஞ்சம் பின்னுக்குத் திரும்பினால் அது இளகவில்லை. குழாயையும் சேர்த்து இழுத்து, றப்பரை முறுக்கிக்கொண்டிருக்கிறது. தலையில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும்.

இதைக் கவனிக்காமல் சுத்தியலால் அடிப்பதுதான் இருப்பதில் மோசமான தவறு. போல்டும் குழாயும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இடப்பக்கத்தில் அடித்தால், குழாயின் மற்ற முனை வலப்பக்கச் சேசிஸ் காதில் (போல்ட் புகும் துளையுள்ள தகட்டில்) போய் முட்டும். அதன் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் அந்தக் காதை வெளியே வளைக்கிறது. போல்ட் காசு கொடுத்தால் வரும். சேசிஸ் அப்படி இல்லை. அதன் நம்பர்தான் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. காது வளைந்தால் பின் சில்லு நேராக நிற்காது, செயின் ஒரு பக்கமாகத் தேயும், வேகத்தில் வண்டி இழுக்கும்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால் போல்ட் வெளிவரும் பக்கத்துக் காதுக்கு வெளியே, போல்டைவிட அகலமான தடித்த பைப் துண்டொன்றை வைத்து, அதற்குப் பின்னால் பாரமான இரும்பால் அண்டை கொடுக்க வேண்டும். டபிள் ஸ்டாண்டில் சும்மா நிற்கும் வண்டியில் அடித்தால் அடியின் பாதி வண்டி ஆடுவதிலேயே போய்விடும். மரையின் நுனியில் நேரே அடிக்கவும் கூடாது. நுனி நசுங்கிப் பூத்துவிட்டால் அது காதுத் துளைக்குள்ளால் போகவே போகாது. நட்டை நுனியோடு மட்டமாகத் திருப்பி விட்டு, பித்தளைக் கட்டை வைத்து அடியுங்கள். அடியை விட லேத் பட்டறையில் தடித்த தகட்டால் ஒரு கிளாம்ப் செய்து மெதுவாக அழுத்துவது எவ்வளவோ நல்லது. அழுத்தத்தில் வைத்துக்கொண்டு இடைக்கிடை தட்டினால் பல வண்டிகளில் அசைந்து கொடுக்கும்.

எண்ணெய் விடுவதில் அவசரம்தான் பிழை. மாலையில் தெளித்துவிட்டு அப்போதே அடிக்கிறார்கள். வண்டியைச் சரித்து, ஒரு பக்கம் ஊற வைத்து, அடுத்த நாள் மற்றப் பக்கம் என்று சில நாட்கள் விட வேண்டும். சரிக்கும் முன் பெற்றோலையும் பற்றரியையும் எடுத்துவிடுங்கள். கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள மொடல் என்றால் அதைக் கழற்றி அந்த வழியால் எண்ணெயை ஏற்றலாம்.

காஸ் சுவாலை பிடிப்பது றப்பர் புஷ் உள்ள வண்டியில் அதிகம் பயன் தராது. சூடு றப்பரைத் தாண்டிக் குழாய்க்குப் போகும் முன் றப்பர் எரிந்து புகைக்கும். பித்தளை புஷ் என்றால் உதவும். அப்போதும் போல்டைச் சூடாக்காமல் வெளிப்பக்கத்தைச் சூடாக்க வேண்டும், டாங்கைக் கழற்றித் தூர வைத்த பிறகு. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சு வாயுவாக மாறும்.

ஒன்றுக்கும் அசையாவிட்டால் வெட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில் பலர் இதைப் பிந்தியே யோசிக்கிறார்கள். ஸ்விங் ஆமுக்கும் சேசிஸ் காதுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஹக்சோ பிளேட்டை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தால் ஆம் கீழே வந்துவிடும், மிச்சத்தைப் பிரஸ்ஸில் தள்ளலாம். அந்த இடுக்கில் கிரைண்டரைக் கொண்டுபோக வேண்டாம், காதைத் தின்றுவிடும். புது போல்டும் புஷ்ஷும் கைக்கு வந்த பிறகு அறுங்கள். போல்ட் கிடைக்கவில்லை என்று கட்டட வேலைக்கு விற்கும் மரைக் கம்பியைப் போட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின் சில்லின் இழுவை முழுவதும் அந்த ஒரு போல்டில்தான். மரைக் கம்பி வளையும், மரை வெட்டிலேயே முறியும். லேத்தில் செய்விப்பதென்றால் உறுதியான உருக்கில் செய்விக்க வேண்டும்.

பூட்டும்போது துளையின் கறளைச் சுரண்டி, போல்டுக்கு நீளம் முழுக்கக் கிறீஸ் பூசுங்கள், றப்பரில் படாமல். படகு எஞ்சின்களுக்குப் பாவிக்கும் நீர் தாங்கும் கிறீஸ் இதற்கு நல்லது. பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன் போல்டை உருவித் திரும்பப் பூசிவிட்டால் போதும்.

இன்னொன்று, பலர் விடும் பிழை. றப்பர் புஷ் வண்டியில் பின் சில்லு தொங்கும்போது நட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. சொக் அப்சோபரையும் சில்லையும் பூட்டி, வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து, புது புஷ்ஷும் கெதியில் கிழிந்துவிடும்.