துருவுக்கு அடியில் இருந்த ஊர்ப் பெயர்
ரிட்ஜிட் நிறுவனத்தின் பழைய பைப் ரென்ச் (குழாயைப் பிடித்துத் திருகும் கருவி) ஒன்று கைக்கு வந்தபோது அதன் நட் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டலாமா என்று தோன்றியது. நல்லவேளை, தட்டவில்லை, நட்டைச் சுற்றியிருக்கும் கூடு விரிசல் விட்டால் அதோடு சரி. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். அப்புறம் நட் கையாலேயே சுழன்றது.

துருவை பித்தளை பிரஷ்ஷால் மட்டும்தான் தேய்த்தேன். கிரைண்டர் வைத்திருந்தால் எழுத்துகளும் சேர்ந்து போயிருக்கும். மெதுவாகக் கைப்பிடியில் 'நார்த் ரிட்ஜ்வில், ஒஹாயோ' என்று தெரிந்தது. எத்தனை சந்தோஷம்! ரிட்ஜிட் நிறுவனம் 1923இல் அந்த அமெரிக்க ஊரில் தொடங்கி, 1943இல் எலீரியா என்ற ஊருக்கு இடம் மாறியது. ஆக, இது அந்த 20 ஆண்டுகளுக்குள் செய்தது.

கடைசியில் லேசாக எண்ணெய் தடவினேன். பெயின்ட் அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன்.