லாபமும் நிலைத்தன்மையும்: தொழில்முனைவோர் கணக்கில் தவறும் இடங்கள்

‘முதலில் லாபம் வரட்டும், சுற்றுச்சூழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திப்போடுவது, தொழில் தொடங்குவோரிடம் பரவலாகக் காணப்படும் தவறு. எந்த மூலப்பொருள், எந்த இயந்திரம், யாரிடம் கொள்முதல் என்பவை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. கடன் வாங்கி இயந்திரத்தை நிறுவிய பின்னர் அதை மாற்ற நினைப்பவர், அந்தக் கடனையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும்.

நிலைத்தன்மையை, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்துவதை, தர்ம காரியமாகக் கருதுவது இதைவிட ஆழமான பிழை. லாபத்தில் மிஞ்சியதைக் கொண்டு மரக்கன்று நடும் நிறுவனம், லாபம் குறையும் ஆண்டில் முதலில் வெட்டுவது அந்தச் செலவைத்தான். உண்மையில் கழிவு என்பது விலை கொடுத்து வாங்கிய மூலப்பொருளே. அதை வாங்கிய விலை, அதன்மீது செலவான கூலி, மின்சாரம், இறுதியில் அப்புறப்படுத்தும் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்தால், குப்பைத் தொட்டிக்குள் போவது எவ்வளவு என்பது தெரியவரும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975-ஆம் ஆண்டிலேயே, மாசைத் தடுப்பது லாபகரமானது என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வெளியேறிய கழிவைச் சுத்திகரிப்பதைவிட, அது உருவாகும் இடத்திலேயே தடுப்பதுதான் அதன் அடிப்படை. சிறு தொழில் நடத்துவோர் வாரம் ஒருமுறை கழிவை எடைபோட்டுக் குறித்துவைத்தாலே இந்தக் கணக்கைத் தொடங்கிவிடலாம்.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியடைவோரும் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கைவிட்டுப் பருத்திப் பைக்கு மாறுவது நல்ல மாற்றமாகவே தோன்றும். ஆனால் 2011-இல் வெளியான பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வு, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, மெல்லிய சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. குப்பையாகச் சிதறுவது போன்ற வேறு கேடுகள் இந்த எண்ணில் அடங்கவில்லை என்பது உண்மைதான். எனினும், அளக்காமல் மாற்றினால் செலவு கூடி, நினைத்த பயனும் கிடைக்காமல் போகலாம். சொந்தத் தொழிற்சாலை இல்லாத நிறுவனங்களில், புவியை வெப்பமாக்கும் வாயுக்களின் உமிழ்வில் பெரும்பகுதி, வாங்கும் பொருள்களிலும் போக்குவரத்திலும்தான் வழக்கமாக ஒளிந்திருக்கும்.

விளம்பரத்தில் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது இனி சட்டச் சிக்கலும் ஆகும். தக்க சான்று இல்லாத இத்தகைய பொதுவான உரிமைகோரல்களைத் தடை செய்யும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறை, 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு உரியது. ‘இந்த உறையில் இத்தனை சதவீதம் மறுசுழற்சித் தாள்’ என்று, நிரூபிக்கக்கூடியதை மட்டும் சொல்வது பாதுகாப்பானது.

ஆர்வ மிகுதியாலும் தொழில் கவிழும். நல்ல நோக்கத்துக்காக வாடிக்கையாளர் கூடுதல் விலை தருவார் என்று நம்பி, விற்றுப் பார்க்காமலேயே விலையுயர்ந்த மூலப்பொருளை மொத்தமாக வாங்கிக் குவிப்பவரின் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்கான பணம், சரக்காக முடங்கிவிடுகிறது. பிறகு அந்த நெருக்கடியைச் சமாளிக்க, பொருள் தந்தவர்களுக்கான பட்டுவாடாவை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். அப்படிப் பணம் கிடைக்காத சிறு வணிகர் தம் பிழைப்புக்காகத் தரத்தையோ தொழிலாளர் கூலியையோ குறைக்கத் தொடங்கும்போது, பெட்டியின்மேல் அச்சிட்ட பசுமை முத்திரைக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது.