செத்தவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? மறுமையுலக நாவல் எழுதுகிறவர்களுக்கு

பதின்ம வயதினருக்கான நாவல்களைச் செம்மைப்படுத்துவது என் வேலை. மறுமையுலகக் கதை என்று என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரித் தொடங்கும்: லாரி, வெள்ளை வெளிச்சம், லேப்டாப்போடு சித்திரகுப்தன். அவருக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தது போதும். முதல் வரி எழுதுவதற்கு முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: உங்கள் உலகத்தில் செத்தவருக்கு எது ஞாபகம் இருக்கும், எது போகும், அதை யார் முடிவு செய்கிறார்கள்? கதையின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பழைய ஆட்கள் இதில் கில்லாடிகள். பிளேட்டோ சொல்லும் கதையில், உயிர்கள் அடுத்த பிறவிக்குப் போகுமுன் ஓர் ஆற்று நீரைக் குடித்து எல்லாவற்றையும் மறக்க வேண்டும். ஆளுக்கு ஓர் அளவு. விவரமில்லாதவர்கள் கூடுதலாகவே குடித்துவிடுவார்கள். சரி, எல்லோரும் மறந்தால் கதையை யார் சொல்வது? எர் என்ற போர்வீரனை மட்டும் குடிக்க விடுவதில்லை. பன்னிரண்டாம் நாள் சிதையில் கண் விழித்து, கண்டதையெல்லாம் சொல்கிறான். உங்கள் கதைசொல்லிக்கும் இப்படி ஒரு விலக்கு வேண்டும். அதை இரண்டாம் அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது ஒரு தங்கத் தகடு. தெற்கு இத்தாலியில், ஹிப்போனியன் என்ற பழைய கிரேக்க ஊரில், கி.மு. 400 வாக்கில் ஒரு பெண்ணோடு புதைத்தது, 1969இல் கிடைத்தது. செத்தவளுக்கு அது வழி சொல்கிறது. வெள்ளை சைப்ரஸ் மரத்தருகே ஓர் ஊற்று இருக்கும், அதன் பக்கமே போகாதே. தாண்டிப் போ, நினைவின் ஏரி வரும். காவலர் கேட்டால், பூமிக்கும் விண்மீன் நிறைந்த வானத்துக்கும் பிறந்தவள், தாகத்தில் வறண்டு போயிருக்கிறேன் என்று சொல். தாகம், தடை, ரகசியச் சொல் எல்லாம் அந்தத் துண்டுத் தகட்டிலேயே இருக்கின்றன. முந்நூறு பக்கக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் இவ்வளவு இருப்பதில்லை.

அப்புறம், ஞாபகத்தை சிசிடிவி பதிவு மாதிரி ஓட்டாதீர்கள். பிரடெரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932இல் வந்த அவர் நூலில் விவரம் இருக்கிறது. தோணி வெறும் படகானது, சீல் வேட்டை மீன்பிடிப்பானது, சிலரிடம் ஆவிகளே காணாமல் போயின. தெரியாததை மனம் தெரிந்ததாக மாற்றிக்கொள்கிறது.

ஆகவே ஒரே காட்சியை நாவலில் மூன்று இடங்களில் எழுதுங்கள். செத்துப்போன தேன்மொழிக்குப் பதினாறு வயது என்று வையுங்கள். முதல் தடவை, மஞ்சள் சேலையில் அம்மா வாசலில் நின்று, “டிபன் பாக்ஸை விட்டுட்டுப் போறியேடி!” என்று கத்துகிறாள். ஐம்பது பக்கம் கழித்து, சேலைக்கு நிறமில்லை; டிபன் பாக்ஸ் மூடியின் நசுங்கல் மட்டும் துல்லியமாக இருக்கிறது. கடைசியில், கத்தியது அம்மாவா பாட்டியா என்று தெரியவில்லை. அந்த ‘டி’ மட்டும் கேட்கிறது. ‘அவள் மறந்துகொண்டிருந்தாள்’ என்று எங்கும் எழுதாதீர்கள். வாசிக்கிற பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

வயதையும் கணக்கில் எடுங்கள். மூன்று வயதுக்கு முந்தையது அநேகமாக யாருக்கும் நினைவிருக்காது. முதியவர்களுக்கோ பத்து முதல் முப்பது வயது வரை நடந்ததுதான் அதிகம் நினைவுக்கு வரும். தேன்மொழி பக்கத்தில் ஒரு தாத்தாவை உட்கார வைத்தால், அவர் தன் இருபதுகளைப் பற்றியே பேசுவார், அவளுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அழ வைக்க வேறு வசனம் தேவையில்லை.

நினைவு திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிப்பவர்கள் மணிமேகலையைப் படிக்க வேண்டும். மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பு தெரிந்துவிடுகிறது. துரத்தி வரும் உதயகுமரன்தான் அன்று கணவனாக இருந்த இராகுலன். தெரிந்ததால் நிம்மதியா வந்தது? துறவுக்குப் போகிறவளுக்குப் பழைய பாசமும் சேர்ந்து வந்து நிற்கிறது. உங்கள் நாயகிக்கும் நினைவைத் திருப்பிக் கொடுக்கிற அத்தியாயத்திலேயே, அதனால் அவள் எதைச் செய்ய முடியாமல் போகிறது என்பதையும் எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.